வாலுக்கு ஒரு ஆள்

ஈதுலகோனா அருவிக்குப் போகிறவர்களுக்கு முதல் விதி, வாயை மூடிக்கொண்டு நடப்பது. இந்த ஒரு விதியைச் சொல்லி முடிக்கத் தனசேகர் கால் மணி நேரம் பேசுவார்.

தடாவில் இறங்கி மேற்கே போனால், வரதய்யபாளையம் தாண்டி மலையடிவாரத்தில் வனத்துறைச் செக்போஸ்ட் வரும். ஒரு தகரக் கொட்டகை, ஒரு தண்ணீர்க் குழாய், விதிகள் எழுதிய பலகை. பலகை தெலுங்கிலும் இங்கிலீஷிலும் இருக்கிறது. வருகிறவர்களில் பாதிப் பேர் சென்னைக்காரர்கள் என்பதால் தமிழ்ப் பலகை தனசேகர்தான். காலை ஆறு மணிக்குக் காக்கிச் சட்டையும் கழுத்தில் கைடு அட்டையுமாக நின்று ஆரம்பிப்பார்.

"நாம இப்ப அடுத்தவன் வூட்டுக்குள்ள பூறப் போறோம். அடுத்தவன் வூட்டுல போயி பாட்டு போடுவீங்களா? போட மாட்டீங்க இல்ல, அப்ப செல்லுல போடாதீங்க. கொரங்குக்கு பிஸ்கட் குடுக்காதீங்க. இன்னிக்கு குடுத்துட்டு நீங்க பஸ் ஏறிப் பூடுவீங்க. நாளைக்கு அது என் சோத்து மூட்டயப் புடுங்கும். பொட்டலம், கவரு எதுனா எட்த்துக்கினு போனா அத்த திரும்ப எட்த்துக்கினு வரணும். முக்கியமா இன்னொண்ணு. எந்த மிருகத்தயும் கிட்டப் போயி பாக்கறது கெட்டிக்காரத்தனம் இல்ல. நாம வந்தது அதுக்குத் தெரியாமயே பாத்துட்டுத் திரும்பணும். அதான் பாக்கறது."

சிரிப்பார்கள். பிறகு நடப்பார்கள். ஒரு கூட்டத்துக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் கூடாது. வரிசையின் தலைக்கு ஒரு கைடு, வாலுக்கு ஒரு கைடு. தலையில் தனசேகர் போவார். வாலில் அவருடைய மனைவி மனோரமா வருவாள்.

தனசேகருக்கு இருந்த பேரெல்லாம் அவர் காதால் வந்தது. நடந்துகொண்டே இருப்பவர் சட்டென்று உள்ளங்கையைத் தூக்குவார். வரிசை நிற்கும். "மேட்டுல கொண்டமுச்சு இருமுது. சிறுத்த எங்கியோ நகருது. ரெண்டு நிமிசம் நிப்போம்" என்பார். கொண்டமுச்சு என்பது கருமூஞ்சிக் குரங்கு. நகரத்துக் காதுகளுக்கு அப்படி ஒரு சத்தம் வந்ததே தெரியாது. இன்ன பறவை இன்ன மரத்தில் என்று கைகாட்டி விட்டுத்தான் கண்ணால் தேடுவார். இந்தப் பதினெட்டு வருஷத்தில் அவர் பின்னால் போன ஒருவருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை.

ஆனால் ஒரு வருஷமாகத் தனசேகருக்குக் காது கேட்கவில்லை. இடது காது சுத்தமாகப் போய்விட்டது. வலது காதில், எதிரே நின்று முகம் பார்த்துப் பேசினால் விழும். மெல்லிய சத்தம், தூரத்துச் சத்தம், முதுகுப் பக்கத்துச் சத்தம் ஒன்றும் விழாது. இது அவருக்கும் மனோரமாவுக்கும் மட்டுமே தெரிந்த சங்கதி. திருப்பதியில் நர்சிங் படிக்கிற மகள் நந்திதாவுக்கு அரைகுறையாகத் தெரியும்.

அவர் பாலசமுத்திரத்துக்காரர். பதினெட்டு வயதில் குப்பம் பக்கம் கிரானைட் குவாரிக்குப் போய்ப் பன்னிரண்டு வருஷம் கல்லில் டிரில் போட்டவர். அந்த மிஷின் தொண்டைக்குழி வரைக்கும் ஆட்டும். காதில் பஞ்சு வைத்துக்கொள்ளச் சொன்னால் ஆம்பளைகள் சிரிப்பார்கள். காடு அவருக்கு அப்புறம்தான் கிடைத்தது. கிடைத்த முதல் வாரம், எத்தனை சத்தம் இருக்கிறது இந்த உலகத்தில் என்று அழுதாராம். இதை அவரே மனோரமாவிடம் சொல்லியிருக்கிறார். குவாரி அன்றைக்கே காதுக்குள் போட்ட ஓட்டை இருபது வருஷம் கழித்துத்தான் ஒழுக ஆரம்பித்தது.

மனோரமா ஊத்துக்கோட்டைப் பெண். ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் ஒன்பது வருஷம் வயர் சுற்றினாள். கான்ட்ராக்ட் முடிந்து நிறுத்திவிட்டார்கள். பெண்கள் வருகிற கூட்டத்துக்கு ஒரு பெண் கைடு வேண்டும் என்று கைடுகளை அமர்த்துகிற வனச் சமிதியில் சொன்னபோது இவள் சேர்ந்தாள். வாலில் நடப்பதற்குப் பெரிய படிப்பு வேண்டாம், தலைகளை எண்ணத் தெரிந்தால் போதும் என்று முதலில் நினைத்தாள்.

அவளுக்கு விஷயம் தெரிந்தது போன ஐப்பசியில். வீட்டு ஷீட் கூரையில் மழை கொட்டு கொட்டென்று கொட்டுகிறது. பேசினால் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காது. தனசேகர் எழுந்து கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "மழ பெய்து மனோ" என்று புதுச் செய்தி போலச் சொன்னார்.

மனோரமா கேழ்வரகுச் சங்கட்டிக் களி கிண்டிக்கொண்டிருந்தாள். கரண்டியை வைத்துவிட்டு வந்து அவர் முன்னால் நின்றாள்.

"நந்து நைனா, எத்தினி நாளா?"

"இன்னாது?"

"எத்தினி நாளா கேக்கல?"

"பங்குனில இருந்து" என்றார்.

"ஏழு மாசமாவா? ஏழு மாசமா காத்து அடிக்கிற தெச பாத்தே ஓட்டிக்கினு கீறியா நீ? ஜனங்கள வச்சிக்கினு?"

"கண்ணு கீது இல்ல. தடம் பாக்கறேன், புழுக்க பாக்கறேன், மரத்துல நகக் கீறல் பாக்கறேன். எல்லாம் தெரியுது."

"தெரிஞ்சா எங்கிட்ட ஏன் மறச்ச?"

அன்றைக்குச் சங்கட்டி அடிப்பிடித்துவிட்டது. வேர்க்கடலைச் சட்னியை அள்ளிப் போட்டுத் தீய்ந்த வாசனையோடு இரண்டு பேரும் தின்றார்கள்.

நந்திதா அவரைத் திருப்பதியில் ஒரு டாக்டரிடம் காட்டினாள். காதுக்கு மிஷின் வைக்கச் சொன்னார். "மிஷின் வச்சிக்கினு கீறவன் பின்னாடி எவன் காட்டுக்குள்ள வருவான்?" என்று கேட்டுவிட்டுத் தனசேகர் பஸ் ஏறிவிட்டார். டிரைவருக்குக் கண்ணாடி போட்டால் ஜனங்கள் நம்புவார்கள், கைடுக்கு மிஷின் வைத்தால் நம்ப மாட்டார்கள் என்பது அவர் கட்சி. அதில் முழுப் பொய்யும் இல்லை.

ஆகவே புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து ஒரு ஏற்பாடு செய்தார்கள். இந்த மாதிரி ஏற்பாடு இவர்களுக்குத்தான் தோன்றும். மனோரமா இடுப்புப் பையில் புளியங்கொட்டை எடுத்துக்கொள்வாள். வாலில் வந்தபடி அவள் கேட்பாள். கொண்டமுச்சு இருமினால் அவர் முதுகில் ஒரு கொட்டை. மான் கத்தினால் இரண்டு. கரடி, பன்றி என்றால் மூன்று. முதுகில் பட்டதும் அவர் உள்ளங்கையைத் தூக்கி, காதைச் சாய்த்து, நெற்றியைச் சுருக்குவார். கூட்டம் வாயைப் பிளக்கும். வயர் சுற்றிய கை என்பதால் மனோரமாவின் குறி தப்பாது. பன்னிரண்டு பேர் தலைக்கு மேல் வளைந்து போய் அவர் தோள்பட்டைக்கு நடுவில் விழும்.

ஒரு தடவை ஒரு கல்லூரிப் பெண் பார்த்துவிட்டாள். "ஆன்ட்டி, எதையும் எறியக் கூடாதுன்னு சார் சொன்னாரே."

"மிருகத்து மேல எறியக் கூடாது, கண்ணு. புருசன் மேல எறியலாம்" என்றாள் மனோரமா. பெண் சிரித்து நகர்ந்தது. மனோரமா அன்று முழுக்கக் கொட்டையைக் கைக்குள் மறைத்தே எறிந்தாள். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம்தானே.

ஏழு மாதம் இப்படி ஓடியது. இதில் வேடிக்கை என்னவென்றால், மனோரமாவின் காது வளர்ந்துகொண்டே போனது. எந்தக் குரல் பசிக் குரல், எது பயக் குரல் என்று வீட்டில் அவர் வாயால் செய்து காட்டுவார். இவள் காட்டில் கேட்டு வந்து சரிபார்ப்பாள். அவருக்கு நினைவில் இருந்த காடு முழுவதையும் கொஞ்சம் கொஞ்சமாக அவள் காதுக்கு மாற்றிக்கொண்டிருந்தார். அவருக்கு அதில் துக்கமும் இருந்தது, ஒரு நிம்மதியும் இருந்தது.

வைகாசி கடைசி ஞாயிற்றுக்கிழமை. ஈச்சம்பழம் பழுத்து உதிர்கிற காலம். வெயில் ஏழு மணிக்கே பல்லைக் காட்டியது. கூட்டத்தில் பதினொரு பேர். எட்டுப் பேர் சென்னையிலிருந்து ஒரே வேனில் வந்தவர்கள். அவர்களுக்குத் தலைவன் லோகேஸ்வரன், பேங்க்கில் வேலை, கையில் முழங்கை நீளத்துக்கு லென்ஸ். மற்றவர்களில் ஒருவர் பூமா. அறுபது வயது, திருப்பதியில் பள்ளிக்கூட டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், அவருடைய ஆத்துக்காரர் பெருமாள் கோயில் கைங்கரியம். பறவை பார்க்கத் தனியாக வருவார். இது மூன்றாவது தடவை.

லோகேஸ்வரன் ஆரம்பத்திலிருந்தே தனசேகர் முதுகோடு ஒட்டி நடந்தான். இரண்டு முறை அவர் கையால் தள்ளி நிறுத்தினார். மூன்றாம் முறை அவர் கவனம் தடத்துக்குப் போய்விட்டது. ஈச்சங்கொட்டை கலந்த கரடிப் பீ பாதையோரத்தில் இருந்தது. நேற்றையதா இன்றையதா என்று குனிந்து பார்த்தார். காய்ந்திருந்தது. நேற்றையது என்று முடிவு செய்து நடந்தார்.

பெரிய பாறை ஒன்றைச் சுற்றிப் பாதை திரும்புகிற இடம். மனோரமாவுக்குச் சத்தம் கேட்டது. உஸ் உஸ் என்று ஊதுவதும் உறிஞ்சுவதுமான சத்தம். பாறைக்கு அந்தப் பக்கம், வெகு கிட்டத்தில். அவள் மூன்று கொட்டைகளை வரிசையாக எறிந்தாள். மூன்றும் லோகேஸ்வரனின் முதுகுப் பையில் பட்டு விழுந்தன. அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இன்னும் மூன்று எறிந்தாள். அவசரத்தில் குறி தவறி எங்கோ போயின.

கத்தலாம். ஆனால் கரடி பக்கத்தில் இருக்கும்போது கத்தினால் அது பயந்து பாயும் என்பது அவர் சொல்லித்தந்த முதல் பாடம். வால் தன் இடத்தை விடக் கூடாது என்பது இரண்டாவது. மனோரமா இரண்டாவதை மீறினாள். ஆட்களை விலக்கிக்கொண்டு முன்னால் ஓடினாள். அதற்குள் தனசேகர் பாறையைத் திரும்பிவிட்டார்.

பதினைந்து அடியில் தாய்க் கரடி. முதுகில் இரண்டு குட்டிகள்.

அது இரண்டு காலில் எழுந்தது. தனசேகர் ஓடவில்லை. கைகளை விரித்துப் பின்னால் இருப்பவர்களை மறைத்தபடி, "சரிம்மா, சரிம்மா, தெரியாம வந்துட்டோம், பூடறோம்" என்று தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே அடி அடியாகப் பின்வாங்கினார். கரடி நாலு காலில் விழுந்து ஒரு பாய்ச்சல் பாய்ந்து, பாதி வழியில் நின்று, மண்ணை வாரி இறைத்து உறுமியது. வரிசை குலைந்தது. யாரோ இடித்ததில் பூமா மல்லாந்து விழுந்து கையை ஊன்றினார். கரடி திரும்பியது. குட்டிகள் முதுகுமயிரைப் பிடித்துக்கொண்டு ஆட, சரிவில் இறங்கிப் போயே போய்விட்டது.

பூமாவின் மணிக்கட்டு வீங்கிவிட்டது. தனசேகர் துண்டைக் கிழித்துக் கட்டினார். லோகேஸ்வரன் கேமராவில் படத்தைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தான்.

"சார், பதினஞ்சடி. குட்டியோட. எத்தனையோ காடு போயிருக்கேன், இவ்வளவு கிட்ட எவனும் கூட்டிட்டுப் போனதில்ல. நீங்க வேற லெவல் சார்."

தனசேகர் அவன் வாயையே பார்த்தார். அவன் சொன்னது அவருக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. நாம் வேண்டுமென்றே கூட்டிப் போனதாக இவன் நினைக்கிறான். இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை.

திரும்புகிற வழியில் பூமா பின்தங்கி மனோரமாவோடு நடந்தார்.

"ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்கோ. நான் நாலாவதா வந்துண்டிருந்தேன். அந்த உறிஞ்சற சத்தம் எனக்கே நன்னா கேட்டுது. இவருக்குக் கேக்காம இருக்குமா, தெரிஞ்சுண்டுதான் அழைச்சுண்டு போறார்னு வாயை மூடிண்டு வந்தேன். பேசப்படாதுன்னு அவர்தானே சொன்னார்."

மனோரமா தலை குனிந்து நடந்தாள்.

"அவருக்குக் காது கேக்கறதில்ல, இல்லையா?"

"கேக்காதும்மா."

பூமா கட்டுப் போட்ட கையை மற்றக் கையால் தாங்கிக்கொண்டார். "நான் யார்கிட்டயும் சொல்லப் போறதில்ல. என் கை நாலு வாரத்துல சரியாயிடும். ஆனா நாங்க பதினோரு பேரும் அவர் காதை நம்பி எங்களோட காதை மூடிண்டு நடந்தோம். அதை மட்டும் நெனச்சுப் பாருங்கோ" என்றார். திட்டியிருந்தால் மனோரமாவுக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமைக்குள் அந்தப் படம் ஊரெல்லாம் சுற்றிவிட்டது. படத்தின் ஓரத்தில் கை விரித்து நிற்கிற தனசேகரின் முதுகு. "கரடிக்கு முன்னால் நெஞ்சு காட்டிய கைடு" என்று எவனோ எழுதியிருந்தான். நெஞ்சு காட்டியது கரடிக்கு, முதுகு தெரிந்தது நமக்கு, அதுவரைக்கும் சரிதான். மனோரமாவின் போன் ஓயவில்லை. சென்னையிலிருந்து, நெல்லூரிலிருந்து, பெங்களூரிலிருந்து. எல்லாருக்கும் ஒரே கேள்வி. "கரடி கிட்டக்கக் காட்றவரு இருக்காரா?"

புதன்கிழமை காலை மணிவேல் வீட்டுக்கு வந்தான். முப்பது வயது, இவர்கள் ஊர்ப்பக்கத்துப் பையன், சமிதியில் இன்னொரு தலைக் கைடு. நல்லவன், உழைப்பாளி. வாசலில் நின்றபடியே கேட்டான்.

"அண்ணே, அந்தக் கரடி எந்த வளைவுல கீது?"

"எதுக்குடா?"

"எதுக்கா? நேத்து என் கூட்டத்துல ஒருத்தன், நீ கரடி காட்ட மாட்டியா, அப்ப தனசேகர கூப்பிடுன்றான். பதினெட்டு வருசம் கிட்டப் போகாதன்னு எங்களுக்குச் சொன்ன. இப்ப நீயே போயிட்ட. போனதுக்கு ஊரே கும்புடுது. நாங்க இன்னா, தூரத்துல இருந்து புழுக்கயக் காட்டிக்கினு திரியணுமா?"

"அது தோதா அமைஞ்சிப் போச்சி மணி. திரும்பப் போகாத. குட்டி வச்சிக்கினு கீது."

"தோதா அமையாட்டி நாம அமைச்சிக்கலாம். பலாப்பழத்த ரெண்டாப் பொளந்து பாற மேல வச்சா அதுவா வரும். சனிக்கெழம ஒரு கூட்டம் வருது. மின்ன போயி வச்சிட்டு வந்துடுவேன். சொல்றதுன்னா எந்தப் பாறைன்னு சொல்லு, இல்லாட்டி நானே தேடிக்கிறேன்."

அவன் போன பிறகு தனசேகர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மனோரமா களி உருண்டையும் மொச்சைக் குழம்பும் கொண்டுவந்து வைத்தாள். ஆறிக்கொண்டிருந்தது.

"துன்னு" என்றாள், அவர் முகத்துக்கு நேராக வந்து.

"பலாப்பழம் வைக்கப் போறானாம்மே. மனுசன் வச்சதத் துன்னு பழகின கரடி அப்பால மனுசனத் தேடி வரும். ஒருத்தன் மூஞ்சியப் பேத்து எடுக்கும். அதுக்கப்பால கரடியப் புடிச்சிக் கூண்டுல போடுவாங்க. குட்டிங்க ரெண்டும் சாவும்."

"நீ சொன்னா கேக்க மாட்டானா?"

"எப்டி கேப்பான்? நான் சொல்லிட்டு நானே பதினஞ்சடில நின்னேனே. நெசத்தச் சொன்னாதான் கேப்பான்."

மனோரமா பதறிவிட்டாள். "இன்னா நெசம்? சமிதில சொல்லப் போறியா? அட்டயப் புடுங்கிக்குவாங்க. அப்பால இன்னா பண்ணுவ? மறுபடி கல்லு ஒடைக்கப் போவியா? ஒனக்குக் காட்ட வுட்டா இன்னா தெரியும்?"

"ஒண்ணியும் தெரியாது."

"அப்ப சும்மா கெட. பேரு வந்துச்சி, நாலு நாள்ல அடங்கிடும்."

"பேரு வந்துச்சில்ல, அதான் ம்மே எனக்குத் தாங்கல. அந்தப் பையன் வேற லெவல்ன்றான். அந்தக் கரடி எழுந்து நின்னப்போ எனக்கு இன்னா தோணுச்சி தெரியுமா? அதுக்கு முன்னாடி எத்தினியோ தபா உறுமியிருக்கும், தள்ளிப் போடான்னு சொல்லியிருக்கும். என் காதுல வுழல. பாவம், அது இன்னா பண்ணும். பூமாம்மா கை அப்டி வீங்கிச்சி. இத்தயெல்லாம் செஞ்சிட்டு நான் கும்புடு வாங்கிக்கினு நிக்கறேன்."

அவர் அழுதார். மனோரமாவும் அழுதாள். களி கட்டியாகிவிட்டது. கடைசியில் அவள் மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னாள்.

"சரி, சொல்லு. ஆனா புளியங்கொட்ட சங்கதிய நான்தான் சொல்லுவேன். அது என் மூளைல வந்தது."

வியாழக்கிழமை செக்போஸ்ட் கொட்டகையில் கூட்டம். செக்ஷன் ஆபீசர் ஹரிபிரசாத் நெல்லூர்க்காரர். தமிழும் தெலுங்கும் பிசைந்து பேசுவார். கைடுகள் எட்டுப் பேர் பெஞ்சில் இருந்தார்கள். ஹரிபிரசாத் படத்தைப் போனில் வைத்துக்கொண்டு, "ஏமண்டி தனசேகரகாரு, ஹீரோ ஆயிட்டீங்க. ஆனா எனக்கு ஒக டவுட்டு. ரூல் அம்பது அடி. நீங்க பதினஞ்சில ஏன் போனீங்க?" என்று ஆரம்பித்தார்.

தனசேகர் எழுந்தார். "கிட்டக் கூட்டிக்கினு போவல சார். கரடி கீறதே தெரியாம போயி முட்டிக்கினேன். எனக்குக் காது கேக்கல. ஒரு வருசத்துக்கு மேல ஆவுது."

குழாயில் தண்ணீர் சொட்டுவது எல்லாருக்கும் கேட்டது, அவர் ஒருவரைத் தவிர.

"ஒரு வருஷமா?" ஹரிபிரசாத் மெதுவாகக் கேட்டார். "ஒரு வருஷம் ஜனத்த உங்க பின்னாடி நான் அனுப்பினேனா? ஏதாவது ஆயிருந்தா? இதி சால பெத்த தப்பு, ரொம்பப் பெரிய தப்பு தனசேகரகாரு. தப்புன்னு சொன்னா போதாது."

"தெரியும் சார்." கழுத்திலிருந்து அட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "மணி, நீ பாத்தது கெட்டிக்காரத்தனம் இல்லடா. செவிட்டுத்தனம். அத்தப் பாத்து நீ பழம் வைக்காத."

மணிவேல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். முகம் கறுத்துவிட்டது.

"அப்போ இந்த ஒரு வருஷம் எப்டி நடந்தீங்க?" என்றார் ஹரிபிரசாத்.

மனோரமா எழுந்து இடுப்புப் பையை அவிழ்த்து மேஜையில் கவிழ்த்தாள். புளியங்கொட்டைகள் உருண்டன. ஒன்றுக்கு இன்னது, மூன்றுக்கு இன்னது என்று சொன்னாள். ஹரிபிரசாத் ஒரு கொட்டையை எடுத்து நகத்தால் கீறினார். தோல் உதிர்ந்தது.

"இது வறுத்ததா? ஏன் வறுத்தீங்க?"

"பச்சையா எறிஞ்சா மொளைக்கும் சார். காட்டுக்குள்ள நம்மளது ஒண்ணும் வுட்டுட்டு வரக்கூடாது இல்ல. அதான் ரூலு."

ஹரிபிரசாத் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு இந்தப் பக்கம் திரும்பினார். பேசும்போது ஆபீசர் குரல்தான் வந்தது. அந்தப் பாறைப் பாதை குட்டிகள் வளர்ந்து போகிற வரைக்கும் மூடப்படும். யாராவது பழம், வெல்லம் எது வைத்தாலும் கேஸ். தனசேகர் இனித் தலையில் நடக்கக் கூடாது. மனோரமா இரண்டு மாதம் எந்தக் கூட்டத்தோடும் போகக் கூடாது.

கலைகிறபோது மணிவேல் அவர் முன்னால் வந்து, முகம் தெரிகிற மாதிரி நின்று, "பழம் வைக்கல அண்ணே" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

அந்த இரண்டு மாதம் வீடு துக்க வீடாகத்தான் இருந்தது. தனசேகர் ஆறு மணிக்கு எழுந்து சட்டை போட்டுக்கொள்வார். பிறகு கழற்றுவார். நந்திதா லீவில் வந்து, திட்டித் தீர்த்து, அவரைத் திருப்பதிக்குக் கூட்டிப்போய் மிஷின் வைத்துவிட்டாள். மிஷின் எல்லாச் சத்தத்தையும் ஒரே கூடையில் அள்ளிக் கொட்டியது. பேச்சுக்கு உதவியது. இருமல் எந்த மேட்டிலிருந்து வருகிறது என்று அதற்குத் தெரியாது.

ஆவணியில் ஹரிபிரசாத் மனோரமாவைத் தனியே காட்டுக்குள் கூட்டிப்போனார். மூன்று மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து, "ஈமெகி, இந்தம்மாவுக்கு, தலை அட்டை குடுங்க" என்று சமிதிக் கிளார்க்கிடம் சொன்னார். மனோரமா வேண்டவே வேண்டாம் என்றாள்.

"அவரு இடத்துல நான் எப்டி சார் நிப்பேன்?"

வாசலில் நின்றிருந்த தனசேகர் அவள் உதட்டைப் படித்துவிட்டுச் சொன்னார். "அந்த ஏழு மாசமும் நீதான மின்ன போய்க்கினு இருந்த. நடந்தது மட்டும்தான் நானு. வாங்கிக்க ம்மே."

ஹரிபிரசாத் அவரைப் பார்த்தார். "வாலுக்குக் காது வேணாம், கண்ணு வேணும். தல எண்ணணும், குப்ப பொறுக்கணும், எவனும் பின்னால நிக்காம பாக்கணும். கூட்டம் ஆரம்பிக்கறப்போ உங்களுக்குக் காது கேக்காதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லணும். சம்மதமா?"

தனசேகர் தலையாட்டினார். அந்தக் கடைசி நிபந்தனை அவருக்குச் சுருக்கென்றுதான் தைத்தது.

முதல் ஞாயிறு பத்துப் பேர். மனோரமா விதிகளை இரண்டு நிமிஷத்தில் சொல்லி முடித்துவிட்டாள். தனசேகர் முன்னால் வந்து, "எனக்குக் காது கேக்காது. எதுனா சத்தம் கேட்டா வாய மூடிக்கினு வராதீங்க, என்னத் தொட்டுச் சொல்லுங்க" என்றார். யாரும் சிரிக்கவில்லை, யாரும் வீட்டுக்கும் திரும்பிப் போகவில்லை.

மாற்றுப் பாதையில் ஏறினார்கள். தூரத்தில் மனோரமாவின் உள்ளங்கை எழுவதும் தாழ்வதும் அவருக்குத் தெரிந்தது. ஒரு தடவை அது சரியான நேரத்தில் எழுந்தது என்று, மரக்கிளைகளின் அசைவை வைத்து அவரே கண்டுபிடித்தார். நெஞ்சு நிறைந்துவிட்டது. கூடவே ஒரு பொறாமையும் வந்தது. அது வந்ததற்காக வெட்கப்பட்டார்.

ஓடையைத் தாண்டியதும் ஒரு மிட்டாய்க் காகிதத்தை எடுக்கக் குனிந்தார். நிமிரும்போது வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார்.

பத்துப் பேர் மிதித்துவந்த பாதையில், இருபது அடி பின்னால், ஒரு சருகுமான் நின்றது. முயலளவுதான் இருக்கும். முன்னங்காலைத் தூக்கி யோசித்து, அவருடைய செருப்புத் தடத்தின் மேல் வைத்தது. இன்னொரு காலை வைத்தது. குனிந்து அங்கே உதிர்ந்திருந்த எதையோ கடித்தது. அதற்குப் பின்னால் புதரிலிருந்து இன்னொன்று வந்தது.

பதினெட்டு வருஷம் இந்தப் பாதையில் முன்னாலேயே நடந்தவர் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. எல்லாக் கூட்டத்துக்கும் பின்னால் இவை இப்படித்தான் வந்துகொண்டிருந்திருக்கின்றன. அவை இரண்டும் பாதையைக் கடந்து சருகுக்குள் போகிற வரைக்கும் தனசேகர் அசையாமல் நின்றார். அவை எந்த அவசரமும் இல்லாமல் போயின. அப்படி ஒரு மனுஷன் அங்கே நிற்பதே அவற்றுக்குத் தெரியவில்லை.

முன்னால் மனோரமா தலைகளை எண்ணிவிட்டு, வால் குறைவதைக் கண்டு வரிசையை நிறுத்தியிருந்தாள். அவர் மெதுவாக நடந்து போய்ச் சேர்ந்துகொண்டார்.

"இன்னா ஆச்சி?" என்று முகத்துக்கு நேராக வந்து கேட்டாள்.

"ஒண்ணியும் இல்ல, நீ போ" என்றார். முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது.